மடக்கிய கை

ரஞ்சிதத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஆரஞ்சுத் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளிச் சுருட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் இருந்த நீல பக்கெட்டில் எறிந்துகொண்டிருந்தாள். நாலு துண்டு. மூன்று உள்ளே விழுந்தன. நாலாவது விளிம்பில் பட்டு வெளியே விழுந்து, பக்கத்துக் கட்டிலின் காலருகே உருண்டு நின்றது. "கை வரல" என்றாள், யாரிடமோ புகார் சொல்வதுபோல. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் எந்தக் குப்பையையும் நடந்துபோய்க் கூடையில் போட்டு நான் பார்த்ததில்லை. வெங்காயத் தோல், புளியங்கொட்டை, கந்தல் துணி, எல்லாம் இருந்த இடத்திலிருந்து எறிவதுதான், எல்லாம் உள்ளே விழுவதுதான். ஆகவே அந்த நாலாவது துண்டு வெளியே விழுந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நான் வேறொன்றை மனதில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை அன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்திருந்தேன், எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட உருப்போட்டு வைத்திருந்தேன். "ரஞ்சிதம், ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மூஞ்சியப் பாருங்க. இங்க நோயாளி யாருன்னு நர்ஸம்மாவுக்கே சந்தேகம் வந்துரும்." பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வந்து சொல்லுங்க, நான் எங்க போயிறப் போறேன்" என்றாள் ரஞ்சிதம். நான் போனேன். டீ சூடாக இருந்தது, ஆற்றிக் குடித்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு ஓடியிருக்கலாம், ஆற்றித்தான் குடித்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஆரஞ்சுத் தோல் தரையில் அதே இடத்தில் கிடந்தது. நான் அதை எடுத்து பக்கெட்டில் போட்டேன். அருகில் போய், குனிந்து, கையால் போட்டேன்.

அது மூன்று வருடத்துக்கு முன்னால். இப்போது காலை எட்டே முக்கால் மணி, கடைசிப் பத்து நிமிட ஆட்டம் தொடங்கப் போகிறது, நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவைத் திறக்கிறேன். ஒன்றாவது, மூன்றாவது கால்பகுதிக்குச் சிவப்பு, இரண்டாவது, நாலாவதுக்கு நீலம், அதுதான் ஸ்கோர் ஷீட்டின் சட்டம். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த மலையடிவார ஊரின் கோடைக்காலக் கூடைப்பந்துப் போட்டிக்கு நான்தான் ஸ்கோரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நகராட்சியில் தண்ணீர்க் குழாய் வால்வு திறந்துவிடும் வேலை பார்த்தேன். விடியற்காலையில் வால்வைத் திறந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிட்டால் மிச்ச நாள் என்னுடையது. ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க நானே படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தானோ என்னவோ, புத்தகத்தில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று, ஆட்டக்காரியைப் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைக் குறித்துவைக்க முடியாது என்பது. இப்போது தெரியும். இப்போது நான் யாரையும் பார்ப்பதில்லை. நடுவரின் கையை மட்டும் பார்க்கிறேன். மேஜையில் என் பக்கத்தில் மல்லிகா டீச்சர் இருக்கிறார், பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை, மின்சார ஸ்கோர் போர்டின் பொத்தான்கள் அவர் கையில். அவர் எல்லாவற்றையும் பார்ப்பார், எல்லாவற்றையும் சொல்வார். "சார், பாத்தீங்களா சார், அந்தத் திரும்பு திரும்புனா பாருங்க, ஆத்தி, இடுப்புல எலும்பு இருக்கா இல்லையா இவளுக்கு!" நான் பார்க்கவில்லை. அவர் சொல்வது முத்துமீனாவை. எங்கள் ஊர் அணியின் நாலாம் எண், கேப்டன். பதினேழு வயது. அப்பா வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். இந்த நாலு நாட்களாக ஊரில் வேறு பேச்சு இல்லை. சென்னையிலிருந்து தேசிய ஜூனியர் முகாமுக்கு ஆள் பொறுக்க ஒரு அம்மா வந்து எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவளைப் பார்க்கத்தான், இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதினொரு மணி ரயிலுக்குப் போய்விடுவார். முத்துமீனா பெரிய ஸ்டார் ஆவாளா மாட்டாளா என்பது அவர் கையில் இருக்கும் சின்ன நோட்டுப் புத்தகத்தில் இன்று எழுதப்படும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். முத்துமீனாவுக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது. ஐந்தானால் வெளியே உட்கார வேண்டும், ஆட்டம் முடியும்வரை. அது என் நோட்டில் இருக்கிறது. அவளை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

இடைவேளையில் அந்தச் சென்னை அம்மா மேஜைக்கு வந்தார். "ஐயா, நீங்கதான் இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்கன்னு சொன்னாங்க. எத்தனையோ பேரப் பாத்திருப்பீங்க. இந்தப் பொண்ணு வருவாளா? மனசுல படுறதச் சொல்லுங்க." நான் அவருடைய கைகளைப் பார்த்தேன், வயதான ஆட்டக்காரியின் கை, சுண்டு விரல் ஒரு காலத்தில் உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. "எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அடக்கம் இல்லை. உண்மை. எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் என் காகிதத்தைக் கடந்து போயிருக்கிறார்கள், எண்களாக. ஒரு வருடம் ஒன்பதாம் எண் ஒரே காலையில் நாற்பத்தொரு புள்ளி எடுத்தான், நான் நாற்பத்தொன்றையும் எழுதினேன், அவன் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. எனக்குக் காதுதான் உண்டு. முத்துமீனாவை அவளுடைய இடது ஷூவால் தெரியும், அது திரும்பும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் போடும், அடி பிரிந்திருக்க வேண்டும். டைம் அவுட் எடுக்கும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே மேஜைக்கு வந்து குனிவாள், காகிதத்தின் மேல் வியர்வை சொட்டும், நான் கையால் மறைத்துக்கொள்வேன். "ஸ்கோர் தாத்தா, எனக்கு எத்தனை?" "நாலு." "அய்யோ. நெசமாவா? மூணுன்னு நெனச்சேன்." "நாலும்மா." "சரி, இனிமே கையக் கட்டிட்டு ஆடுறேன்." கீச், கீச் என்று ஓடிவிடுவாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் பயமாக இருக்கிறது. என் பேனா நடுங்குகிறது. வயதால் வரும் நடுக்கம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் என் கை வயதுக்கு முன்னாலேயே ஒருமுறை நடுங்கியிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது.

ஆட்டம் தொடங்கிவிட்டது. நடுவரின் கை. கறுத்த கை, மணிக்கட்டில் சாமிக்கயிறு. எனக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் முதல் நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "மாப்ள, எழுதி வச்சுக்க. அஞ்சு வருசத்துல இந்தப் பிள்ள மூஞ்சி டிவியில வரும்." "கிழிச்ச. போன தடவ அந்தச் சுருட்டமுடிக்காரனுக்கும் இதையேதான் சொன்ன. இப்ப அவன் செல்போன் கடையில கவர் மாட்டிக்கிட்டு நிக்கிறான்." "அவனுக்கு முழங்கால் போச்சுடா." "இவளுக்கு மட்டும் என்ன, இரும்புலயா செஞ்சிருக்கு? அதெல்லாம் விடு. இன்னும் ரெண்டு வருசம். ஒரு மாப்பிள்ள வருவான், முடிஞ்சுச்சு." "ஒன் வாயில தார ஊத்த." மாப்பிள்ளை வருவான். அந்த வார்த்தையில் என் மனது சிக்கிக்கொண்டு நிற்கிறது, நடுவர் இரண்டு விரலைக் கீழே சுண்டுகிறார், எதிரணிப் பக்கம் பன்னிரண்டாம் எண்ணுக்கு இரண்டு புள்ளி, எழுதுகிறேன், ஐம்பத்தாறு, ஆனால் மனது அங்கேயே நிற்கிறது. மாப்பிள்ளை வந்தான். தண்ணீர் வால்வு திறக்கிறவன். எண்பத்து நாலாம் வருடம் இதே மைதானத்தில், அப்போது சிமென்ட் கிடையாது, கெட்டித்த மண், கோடுகள் சுண்ணாம்புத் தூளில் நானே போட்டவை, திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு கல்லூரி அணியின் கேப்டன், நாலாம் எண், இரட்டைச் சடையைத் தூக்கி ரிப்பனால் கட்டியவள். ஓடுவது எல்லோருக்கும் வரும். அவளுக்கு நிற்க வரும். முழு வேகத்தில் ஓடிவருவாள், கூட ஓடிவருகிறவர்கள் எல்லோரும் அவள் எங்கே போகப் போகிறாள் என்று தெரிந்து அங்கே போய்விடுவார்கள், அவள் போகமாட்டாள். நின்றுவிடுவாள். மண்ணில் ஒரு பிடி தூசி மட்டும் முன்னால் போகும். அவர்கள் கடந்துபோய்த் திரும்பிப் பார்க்கும்போது அவள் தரையில் இருக்கமாட்டாள், பந்தும் கையில் இருக்காது. போட்டுவிட்டு, விழுகிறதா என்று பார்க்காமல், உள்ளங்கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டே திரும்பி ஓடுவாள். அந்தத் துடைப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். அவளுக்குப் பிறகு யாரையும் பார்த்ததில்லை என்பதால் அவள்தான் நான் பார்த்த ஒரே ஆட்டக்காரி, ஆகவே என் கணிப்புக்கு என்ன மதிப்பு இருக்கிறது. ஆனாலும் சென்னை அம்மா அன்றைக்கு வந்து ரஞ்சிதத்தைக் காட்டி, இவள் வருவாளா என்று கேட்டிருந்தால் நான் வருவாள் என்று சொல்லியிருப்பேன். சத்தியம் செய்திருப்பேன்.

அன்றைக்கும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்க. எடுத்தால் வேலை, சென்னை, அங்கிருந்து இந்திய அணி முகாம். எடுக்காவிட்டால் அவள் அப்பா வைகாசியிலேயே கல்யாணத்தை முடித்துவிடுவது என்று இருந்தார், அது பின்னால் எனக்குத் தெரிந்தது. பின்னால்தானா? இல்லை, அதற்கு முதல் நாளே அவளுடைய பயிற்சியாளர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழுந்தது என்பதை நான் எப்போதும் மறந்துவிட்டுப் பிறகு நினைத்துக்கொள்கிறேன். இறுதி ஆட்டம், இரண்டாம் பாதி, இன்னும் பதினொரு நிமிடம். அவளுக்கு நாலு ஃபவுல். ரிப்பன் அவிழ்ந்துவிட்டது, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் கட்டிக்கொண்டிருந்தாள், கூடைக்கு அடியிலிருந்து தள்ளி, தனியாக. அங்கே கூடைக்கு அடியில் நாலைந்து பேர் மோதினார்கள். விசில். நான் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பினேன். நடுவர் சவரியப்பன் மேஜையைப் பார்த்து நின்றுகொண்டு கையைக் காட்டினார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களின் எண் நாலிலிருந்து பதினைந்து வரைதான். நாலு என்றால் நாலு விரல். பதினாலு என்றால் ஒரு கை மடக்கிய முஷ்டி, அது பத்து, மறு கையில் நாலு விரல். நான் நாலு விரலைப் பார்த்தேன். நாலு என்று எழுதினேன். ஐந்தாம் ஃபவுல். சிவப்பு அட்டையில் ஐந்து என்று எழுதியதைத் தூக்கிக் காட்டினேன். பதினாலாம் எண் அவளுடைய அணியில் ஓர் உயரமான பெண், கூடைக்கு அடியில் இருந்தது அவள்தான். இதை இத்தனை வருடமாக நான் எனக்குள் சொல்லி வருகிறேன், நாலு விரலைப் பார்த்தேன், நாலு விரலை மட்டும் பார்த்தேன், முஷ்டியைப் பார்க்கவில்லை. ஆனால் சில நாட்களில், வால்வைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குழாயில் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கை வந்திருக்கிறது. சவரியப்பனின் வலது கை. மார்புக்கு நேரே, மடக்கி, கட்டைவிரல் வெளியே. மோதிரம்கூட. பார்க்காத கையில் மோதிரம் எப்படித் தெரியும்? அவரை வேறு ஆட்டங்களில் பார்த்திருப்பேன், மோதிரம் அங்கிருந்து வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். அவள் வெளியே வந்தால் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்காருவாள், எனக்கு ஐந்தடி தள்ளி, பதினொரு நிமிடம். அவள் எடுக்கப்படாவிட்டால் சென்னைக்குப் போகமாட்டாள். இதையெல்லாம் ஒரு விசிலுக்கும் ஒரு பேனா முனைக்கும் நடுவே ஒருவன் நினைக்க முடியுமா? முடியாது. முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

"சார், எழுதிட்டீங்களா? மூணு புள்ளி சார், நம்ம மீனா!" எழுதிவிட்டேன் டீச்சர். நடுவர் இரு கைகளிலும் மூன்று விரல்களை உயர்த்தியதைப் பார்த்தேன், எழுதிவிட்டேன். ஊரே கத்துகிறது. நமக்கு ஐம்பத்தேழு, அவர்களுக்கு அறுபது. இன்னும் நாலு நிமிடம். கீச் சத்தம் இந்தப் பக்கமாக ஓடிவந்து நின்று திரும்பிப் போகிறது. நின்று. நின்றாளா? நின்ற பிறகு ஒரு நொடி சத்தமே இல்லை, பிறகு பந்து வளையத்தில் பட்ட சத்தம், "ச்ச" என்று ஆயிரம் பேர். நிமிர்ந்து பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. ஒரே ஒருமுறை. இவள் நிற்கிறாளா, தூசி மட்டும் முன்னால் போகிறதா. சிமென்டில் ஏது தூசி. கழுத்தில் ஒரு நரம்பு இழுக்கிறது. பார்க்கமாட்டேன். சாமிக்கயிறு கட்டிய கை. அது எங்கே போகிறதோ அங்கே என் கண். ரஞ்சிதம் கேலி செய்வாள், "ஊர்ல உள்ளவங்க கையெல்லாம் உங்களுக்குத் தெரியும், மூஞ்சிதான் தெரியாது. என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க." கல்யாணமான முதல் வருடம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள், "அன்னைக்கு எனக்கு நாலுதாங்க. வேணும்னா ஒவ்வொண்ணாச் சொல்றேன்." சொன்னாள். முழங்கை பட்டது ஒன்று, பின்னாலிருந்து தள்ளியது ஒன்று, கையில் அடித்தது இரண்டு. விரலை மடக்கி மடக்கி. "அஞ்சாவது எது?" நான் அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் அதற்குப் பிறகு வரவே இல்லை. நான் சொன்னேன், "ஷீட்ல அஞ்சு இருந்துச்சு." அவள் ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள். "ஷீட்ல இருந்தாச் சரி" என்றாள். அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்திருக்கிறது என்றால், "ஷீட்ல போட்டாச்சா? அப்பச் சரி." பஸ் தப்பிப் போனால், "ஷீட்ல இருந்தாச் சரி." நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒவ்வொரு சிரிப்பும் ஒரு முள். அவள் வேண்டுமென்று குத்தினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

அன்றைக்கு மைதானத்தில், நான் தூக்கிய அட்டையைப் பார்த்ததும் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு நாலுதான். நல்லாப் பாருங்க, நாலுதான்." நான் காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். ஐந்து குறி. அவள் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஐந்தடி தள்ளி. ரயில்வேக்காரர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எதிரணியில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அணி தோற்றது. ஆட்டம் முடிந்து கையெழுத்துப் போட வந்த சவரியப்பன் காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பதினாலாம் எண்ணில் விரலை வைத்தார். "இதுக்கு ரெண்டுதானா? மூணு வரணுமே." நான் கார்பன் தாளின் ஓரத்தை நேராக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மேடையில் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள், வேட்டு வெடித்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். நடுவர் கையெழுத்துப் போட்டபின் காகிதத்தில் எதையும் மாற்ற முடியாது, அதுவும் சட்டம். அதற்குப் பிறகும் ஒரே ஒரு வழி உண்டு, ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்துப் போட ஒரு கட்டம். அவளுடைய பயிற்சியாளர், "போடு ரஞ்சிதம், போடு, மேல கேப்போம்" என்று அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். காகிதத்தின் மேல் குனிந்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, சேமியா வறுத்துக்கொண்டே, நான் கேட்காமல், சொன்னாள், "பேனாவ வாங்குறப்போ உங்க கை நடுங்குச்சு. பாவமா இருந்துச்சு." அவ்வளவுதான். சேமியா தீயப்போகுது என்று அடுப்பைக் குறைத்தாள். வைகாசியில் இல்லை, ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். அந்தப் பயிற்சியாளரே பேசி முடித்தார், பையன் நகராட்சியில் நிரந்தர வேலை, கூடைப்பந்து தெரிந்தவன், அவளை விளையாட விடுவான் என்று. விட்டேன். அவள் ஒரு நாளும் ஆட வரவில்லை. "உயரம் பத்தாதுங்க, எங்கிட்டுப் போயிருக்கப் போறேன்" என்றாள், பெண்ணைப் பெற்ற பிறகு, யாரோ கேட்டதற்கு. அந்தப் பதிலைக் கேட்டபோது நான் கொல்லையில் இருந்தேன்.

விசில். கூடைக்கு அடியில் மோதல், உடம்புகள் விழும் சத்தம், கீச் என்று ஒன்று, எதிரணிப் பெண் ஒருத்தி "அம்மா" என்கிறாள். நான் விசிலுக்கு முன்னாலிருந்தே நடுவரின் மேல்தான் கண் வைத்திருக்கிறேன். அவர் ஓடிவருகிறார். மேஜைக்கு எதிரே நிற்கிறார். வலது கை எழுகிறது. மடக்கிய முஷ்டி. கட்டைவிரல் வெளியே. சாமிக்கயிறு. இடது கை, நாலு விரல். பதினாலு. அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன், விடமாட்டேன். அதற்குள் போர்டு அலறுகிறது. பின்னால் ஓர் ஓலம். மல்லிகா டீச்சர் முத்துமீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாலு விரலைப் பார்த்தார், நாலை அழுத்திவிட்டார். போர்டில் நாலாம் எண்ணுக்கு நேரே சிவப்பில் ஐந்து. "போச்சு" என்று படிக்கட்டில் ஒருவன். "நான் சொன்னேன்ல" என்று இன்னொருவன், ஆனால் அவன் குரலில் சந்தோஷம் இல்லை. கீச், கீச், கீச் என்று அந்த ஷூ மெதுவாக பெஞ்சை நோக்கி வருகிறது. அவளும் போர்டை நம்பிவிட்டாள். எண்பத்து நாலில் எங்கே இருந்தது என் குரல், இவ்வளவு நாள் எங்கே இருந்தது? "பதினாலு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன், நாற்காலி பின்னால் விழுந்தது. "பதினாலு! டீச்சர், பதினாலு! நாலு இல்ல!" என் வலது கையை மடக்கித் தூக்கிப் பிடித்தேன், மறுகையில் நாலு விரல். நடுவர் மேஜைக்கு வந்தார். "பதினாலுதான் கொடுத்தேன்" என்றார். "ஆமா சார், எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்" என்றேன். மல்லிகா டீச்சர், "ஐயையோ, சாரி சார், அவளையே பாத்துட்டு இருந்துட்டேன்" என்று பொத்தானைத் தேடினார். பரவாயில்லை டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து அணைந்து நாலு ஆயிற்று. கீச் சத்தம் திரும்பி ஓடியது. யாரோ நாற்காலியை எடுத்து எனக்கு அடியில் வைத்தார்கள். எங்கள் அணியின் பதினாலாம் எண்ணுக்கு நேரே மூன்றாவது குறியைப் போட்டேன். அந்த மூன்றாவது குறியைப் போட இத்தனை வருடம் ஆயிற்று, அதுவும் வேறொரு காகிதத்தில், வேறொரு பதினாலுக்கு.

கடைசி இரண்டு நிமிடம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எண்ணாகத் தெரியும். எதிரணி அறுபத்து மூன்று, நம்முடையது அறுபது. கடைசியில் ஒரு நீண்ட மௌனம், நின்ற மௌனம், பிறகு வலை உதறிய சத்தம், பிறகு மல்லிகா டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தீங்களா! சார், பாத்தீங்களா! நின்னா சார், அப்படியே நின்னா, எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க!" நடுவர் இரண்டு விரலைக் கீழே சுண்டினார். நாலாம் எண்ணுக்கு இரண்டு புள்ளி. அறுபத்திரண்டு. மணி அடித்தது. ஒரு புள்ளியில் தோல்வி. எதிர்ப்பக்கம் சென்னை அம்மாவின் கை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது, ஒரு சொல்லா, ஒரு வரியா, தெரியவில்லை. எழுதி முடித்து மூடியது. பையில் போட்டது. அவர் எதையும் யாரிடமும் சொல்லாமல் ரயிலுக்குப் போனார். நடுவர் வந்து கையெழுத்துப் போட்டார். நான் கார்பன் பிரதிகளைக் கிழித்தேன். கடைசிப் பிரதி, மஞ்சள், தோற்ற அணிக்கு உரியது, கேப்டன் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். முத்துமீனா வந்தாள். மூக்கை உறிஞ்சினாள், அழுதிருக்கிறாள். "தாத்தா, போர்டுல அஞ்சு வந்துச்சே. எனக்கு நாலுதான?" அவள் கை நீண்டிருந்தது. நான் நிமிர்ந்தேன். கழுத்து வலித்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன முகம், புருவத்தில் ஒரு பழைய தழும்பு. "நாலுதாம்மா" என்றேன். "நான் பார்த்தேன். உனக்கு நாலுதான்." "அப்பச் சரி" என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். அவளிடம் சொல்வதற்கு அவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் ரஞ்சிதத்தின் சேலைகளுக்கு அடியில், பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு மஞ்சள் பிரதி இருக்கிறது. எண்பத்து நாலாம் வருடத்து இறுதி ஆட்டத்தினுடையது, தோற்ற அணியின் கேப்டனுக்கு நான் கிழித்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த பெட்டியில் அது வந்திருக்கிறது. அவள் போன பதினாறாம் நாள் சேலைகளை எடுக்கும்போதுதான் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது. நாலாம் எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் ஐந்து குறிகள், கார்பன் மங்கியிருக்கிறது. பதினாலாம் எண்ணுக்கு நேரே இரண்டு. அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குறி, பென்சிலால், சின்னதாக, என் கையெழுத்து இல்லை. கீழே சவரியப்பனின் கையெழுத்து இருக்கிறது. ஸ்கோரர் என்ற இடத்தில் என்னுடையது. கேப்டன் ஆட்சேபம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.